கவசத்திலிருந்து வந்த முகம்: தாடையுள்ள முதல் மீன்களைத் தேடிய கதை

பத்துமலையின் 272 படிகளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் வெளிறிய பாறை, சிலூரியன் காலத்தில், அதாவது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு. புவியியலாளர்கள் கோலாலம்பூர் சுண்ணாம்புக்கல் என்று அழைக்கும் இந்தப் படிவு நகரின் அடியிலும் பரந்து கிடக்கிறது. பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களை முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டி வந்ததற்கும், இந்தச் சுண்ணாம்புப் பாறை மேடும் பள்ளமுமாக, பொந்து விழுந்து கிடந்ததே காரணம். அந்தச் சேறு இங்கே படிந்துகொண்டிருந்த காலத்தில் வேறு சில கடல்களில் தாடையுள்ள மீன்கள் பல்கிக்கொண்டிருந்தன. இன்று உயிரோடிருக்கும் முதுகெலும்பிகளில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தாடை உடையவை. லாம்ப்ரேயும் ஹாக் மீனும் மட்டுமே தாடையில்லாமல் எஞ்சியுள்ளன. அந்தத் தாடை எப்படி வந்தது, அதை முதலில் சுமந்த உயிரினம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு ஏறக்குறைய நூறாண்டுக் காலம் சொல்லப்பட்டுவந்த விடை, கடந்த பதினைந்து ஆண்டுகளுக்குள் தலைகீழாகிவிட்டது. அந்த மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

கேள்வியைப் புரிந்துகொள்ளத் தொல்பொருட்காட்சிச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கின் லிட்டில் இந்தியாவிலோ மீன் தலைக்கறி சாப்பிட்டு முடித்த பிறகு தட்டில் மிஞ்சுகிற எலும்புகளே போதும். ஈக்கான் மேரா என்னும் சிவப்பு மீனின் தலை என்றால், மேல் வாயின் ஓரத்தில் பற்கள் பதிந்த ஓர் இணை எலும்புகள் இருக்கும். அவற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் கொம்பு மூக்கின் மேல் வழுக்கிச் செல்லும்படி அமைந்திருப்பதால்தான் மீன் வாயை முன்னே நீட்ட முடிகிறது. இவை முன்மேல்தாடை எலும்புகள். இவற்றின் பின்னால், பல் இல்லாமல், கடைக்கோடியில் அகன்று தட்டையாக இருப்பது மேல்தாடை எலும்பு. கீழே பல்வரிசையைத் தாங்குவது பல்தாங்கி எலும்பு. நம் முகத்திலும் இவையே உள்ளன. நம்முடைய முன்பற்கள் ஊன்றியிருக்கும் பகுதி பழைய முன்மேல்தாடை எலும்பு. அது மேல்தாடை எலும்போடு ஒட்டி ஒன்றாகிவிட்டது. நம்முடைய கீழ்த்தாடை முழுவதும் அந்தப் பல்தாங்கி எலும்பு ஒன்றே. மூன்றும் தோலின் அடுக்கிலேயே நேரடியாக உருவாகும் எலும்புகள். முதலில் குருத்தெலும்பாக உருவெடுத்துப் பிறகு எலும்பாக மாறுபவை அல்ல.

சுறாவைச் சுத்தம் செய்து புட்டு வைத்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும்: அதன் தலையில் கத்தி தடையில்லாமல் இறங்கும். சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பே இல்லை. தாடை உட்பட எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பு. எலும்பு மீன்களின் கருவிலும் எலும்புக்கூட்டின் பெரும்பகுதி முதலில் குருத்தெலும்பாகத் தோன்றுவதால், சுறாவே பழைய வடிவம் என்றும், எலும்பு மீன்கள் பிற்காலத்தில் முகத்தின் எலும்புகளைப் புதிதாக உருவாக்கிக்கொண்டன என்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உயிரியலாளர்கள் கருதிவந்தார்கள். இது கண்மூடித்தனமான ஊகம் அன்று; அப்போது கையில் இருந்த சான்றுகளோடு ஒத்துப்போன நியாயமான கருத்துதான். ஆனால் பாறைகள் தொடக்கத்திலிருந்தே இதற்கு இடையூறாக ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தன. மிகப் பழைய மீன்களில் பலவற்றுக்குக் கனத்த எலும்புக் கவசம் இருந்தது.

முதல் மீன்களுக்குக் கவசம் இல்லை என்பது உண்மையே. யுன்னானின் செங்ஜியாங் பாறைகளிலிருந்து 1999இல் அறிவிக்கப்பட்ட ஹைக்கோயிக்திஸ், ஏறத்தாழ 51.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சில சென்டிமீட்டர் நீளமே கொண்ட மெல்லுடல் உயிரினம். ஆனால் ஓர்டோவிசியன் காலத்துக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. நடு ஆஸ்திரேலியாவின் அராண்டாஸ்பிஸ், பொலிவியாவின் சகபம்பாஸ்பிஸ், அமெரிக்காவின் கொலராடோ மணற்கல்லில் கிடைத்த அஸ்ட்ராஸ்பிஸ் ஆகிய மூன்றும் 45 கோடி ஆண்டுகளுக்கும் பழமையானவை; மூன்றுக்கும் தலையை மூடிய எலும்புத் தகடுகள் உண்டு, தாடை இல்லை. அவை வாயைத் திறந்து வைத்து நீரோடு வரும் நுண்பொருள்களை உட்கொண்டிருக்க வேண்டும். எலும்பு என்ற பொருள் உடலின் உள்ளே தோன்றுவதற்கு முன் வெளியே, தோலில், கவசமாகத் தோன்றியது என்பதை இவை ஐயமின்றிக் காட்டுகின்றன.

இந்தத் தாடையற்ற கவச மீன்களின் உள்ளமைப்பை முதலில் திறந்து காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் ஸ்டென்சியோ. ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட செஃபலாஸ்பிஸ் இன மண்டையோடுகளை நுட்பமாகத் தேய்த்தும் குடைந்தும், நரம்புகளும் இரத்தக் குழாய்களும் ஓடிய வழிகளை அவர் வரைந்தெடுத்தார். 1927இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஒரு புதைபடிவத்தைத் தேய்த்தால் அது அழிந்துவிடும். எஞ்சுவது வரைபடங்களும் மெழுகு உருவங்களும் மட்டுமே. ஆகவே எதைத் தேய்க்கலாம் என்று முடிவெடுப்பதே அந்தக் காலத்து ஆய்வாளருக்குப் பெரும் பொறுப்பாக இருந்தது. இன்று சிங்க்ரோட்ரான் என்னும் பெரிய எக்ஸ்-கதிர் நிலையங்களில், கல்லைத் தொடாமலேயே அதே வேலை அதைவிடத் துல்லியமாக நடக்கிறது.

அவ்வாறு ஆராயப்பட்ட ஒரு மண்டையோடுதான் தாடை எப்படி வர முடிந்தது என்பதற்கு ஒரு திறவுகோலைத் தந்தது. தாடை, முன்வரிசைச் செவுள் வளைவு ஒன்று உருமாறி வந்தது என்பது பழைய கருத்து. கருவின் முதல் வளைவிலிருந்தே தாடை உருவாவதைக் கருவியலும் காட்டுகிறது. வாயை மூடித் திறந்து நீரைச் செவுள்களுக்குத் தள்ளும் ஆற்றல் முதலில் மூச்சுக்குப் பயன்பட்டிருக்கலாம், இரையைக் கவ்வுவது பிறகே வந்திருக்கலாம் என்ற விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் லாம்ப்ரேயில் ஒரு தடை உண்டு. அதற்கு நடுவே ஒரே ஒரு நாசித்துளைதான். மோப்ப உறுப்பும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் குழாயும் அங்கே ஒன்றாய்ப் பிணைந்து வழியை அடைத்து நிற்பதால், தாடையாக வளர வேண்டிய திசுக்கள் கருவில் முன்னோக்கி நகர இடமில்லை. சீனாவின் செஜியாங் மாநிலத்தில் கிடைத்த ஷுயு என்னும் தாடையற்ற கவச மீனின் மூளைப்பெட்டியை ஸ்கேன் செய்து 2011இல் வெளியிட்டபோது, அதில் இரண்டு மோப்பப் பைகள் தனித்தனியே பக்கங்களுக்கு விலகியிருந்தது தெரியவந்தது. தாடை இல்லாத மீனிலேயே தாடைக்கான இடம் காலியாகியிருந்தது. வீட்டைக் கட்டுவதற்கு முன் மனையைத் துப்புரவாக்கியது போன்ற இந்த நிலை, பெரிய உறுப்பு ஒன்று திடீரெனத் தோன்றுவதில்லை என்பதை நேரடியாகக் காட்டும் அரிய சான்றுகளில் ஒன்று.

தாடையும் கவசமும் சேர்ந்திருந்த மீன்கள் பிளாக்கோடெர்ம்கள். இவற்றை முதலில் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர், ஸ்காட்லாந்தின் குரோமார்ட்டி ஊரில் கல்தச்சராக வேலை செய்த ஹியூ மில்லர். பழைய சிவப்பு மணற்கல்லைப் பற்றிய அவருடைய நூல் 1841இல் வெளிவந்தது. அவர் உடைத்தெடுத்த கல்லுருண்டைகளில் ஒன்று, பெட்டி போன்ற கவசமும் அதன் பக்கங்களில் எலும்பு மூடிய இரு கைகளும் கொண்டிருந்தது. அதை ஆராய்ந்த லூயி அகாசிஸ், மில்லரின் பெயரையே அந்த இனத்துக்குச் சூட்டினார். படிப்பறிவைத் தானே தேடிக்கொண்ட ஒரு தொழிலாளியின் கண், பல்கலைக்கழகங்கள் தவறவிட்டதைக் கண்டுகொண்டது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே வகைக் கைகளைக் கொண்ட போத்ரியோலெபிஸ் பின்னர் அண்டார்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் கிடைத்தது.

பிளாக்கோடெர்ம்களில் புகழ் பெற்றது டங்கிலியோஸ்டியஸ். ஒஹாயோவின் கிளீவ்லாந்து களிப்பாறையில், ஏறத்தாழ 36 கோடி ஆண்டுப் பழமையான அடுக்குகளில் அதன் தலைக் கவசங்கள் கிடைக்கின்றன. பற்களுக்குப் பதிலாக ஒன்றோடொன்று உரசித் தாமே கூர்மையாகும் எலும்புத் தகடுகள் அதற்கு இருந்தன. வாயை ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் திறக்க வல்லது என்று இயக்கவியல் கணிப்புகள் கூறுகின்றன. எட்டு, பத்து மீட்டர் நீளம் என்று பல புத்தகங்களில் இன்னும் காணப்படும் கணக்கை மட்டும் அப்படியே ஏற்க வேண்டாம். உடலின் பின்பகுதி குருத்தெலும்பாக இருந்ததால் அது கிடைக்கவே இல்லை. தலையின் அளவிலிருந்து உடலைக் கணிக்கும் முறையைத் திருத்தி 2023இல் வந்த ஆய்வு, அதன் நீளத்தை ஏறக்குறைய நான்கு மீட்டருக்குள் கொண்டுவந்தது.

ஆனால் அறிவியலுக்கு அதிகம் தந்தது இந்தப் பெரிய வேட்டையாடி அன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில், கோகோ என்ற இடத்தில் சிதறிக் கிடக்கும் சுண்ணாம்பு உருண்டைகளுக்குள் இருக்கும் சிறிய மீன்களே அதைச் செய்தன. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பவளத்திட்டு இருந்தது. இறந்த மீன்களைச் சுற்றிச் சுண்ணாம்பு வேகமாக இறுகியதால் அவை நசுங்காமல் முப்பரிமாணத்தில் தங்கிவிட்டன. உருண்டையை உடைத்து, உள்ளே எலும்பு தெரிந்தால், அதை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில், ஊறவைப்பார்கள். சுண்ணாம்பு மெல்லக் கரையும், எலும்பு கரையாது. வெளித்தெரியும் எலும்பைக் கழுவி உலர்த்தி, பசைபூசிக் காத்து, மறுபடியும் அமிலத்தில் இட வேண்டும். பல வாரங்கள், சில வேளை மாதங்கள் இப்படிப் போன பிறகு, கண்வளையம் முதல் கழுத்து மூட்டு வரை ஒவ்வொரு தகடும் தனித்தனியே கையில் எடுத்துப் பார்க்கும்படி வந்து சேரும்.

இந்த முறையில் வெளிவந்த ஒரு மீனின் வயிற்றுப் பகுதியில் குட்டி எலும்புகள் இருந்தன. இரையாக விழுங்கப்பட்டவை என்று கொள்ள முடியாதபடி அவை உடையாமலும் அரிக்கப்படாமலும் இருந்தன. தாயின் இனத்துக்கே உரிய வடிவத்தில் இருந்தன. கனிமமாகிப்போன தொப்புள்கொடியும் பக்கத்தில் இருந்தது. ஜான் லாங்கும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2008இல் இதை மேட்டர்பிஸ்கிஸ் என்று பெயரிட்டு வெளியிட்டார்கள். உட்கருவுறுதலும் குட்டி ஈனுதலும் இவ்வளவு பழமையானவை என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. அதே கோகோ மீன்களில் தசை நார்களும், 2022இல் கேட் டிரினாஜ்ஸ்டிக் குழுவின் ஆய்வில் இதயமும் ஈரலும் இரைப்பையும் கூடக் கண்டறியப்பட்டன. அந்த இதயம் எஸ் வடிவில் வளைந்து, இரண்டு அறைகளோடு, தாடையின் பின்னே செவுள்களுக்கு அடியில் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் பிளாக்கோடெர்ம்களை முட்டுச்சந்தாகவே பலர் கருதினார்கள். டெவோனியன் முடிவில், 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவோடு அவை பூண்டற்றுப் போனதும், அவற்றின் தாடைத் தகடுகள் எலும்பு மீன்களின் தாடை எலும்புகளைப் போல இல்லாததும் அந்தக் கருத்துக்குக் காரணங்கள். இந்தக் கருத்தை உடைத்தது யுன்னான் மாநிலத்தின் சூஜிங் நகருக்கு அருகே கிடைத்த ஒரு படிவம்.

சூஜிங் தற்செயலாகப் பெயர் பெற்ற இடம் அன்று. அங்கே கிடைத்த யங்கோலெபிஸ் என்னும் மீனின் சிறிய மண்டையோட்டை, சாங் மீ-மான் அம்மையார் ஸ்டாக்ஹோமில் ஸ்டென்சியோவின் மரபில் வந்த முறையால் நூற்றுக்கணக்கான அடுக்குகளாகத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து, மெழுகில் மீட்டெடுத்தார். பீஜிங்கின் தொல்முதுகெலும்பியல் நிறுவனத்தில் அவருக்குப் பின் வந்த தலைமுறையின் ஜு மின் குழு, அதே வட்டாரத்தின் இன்னும் பழைய குவாந்தி பாறை அடுக்குகளுக்கு இறங்கியது. 2009இல் குய்யு என்ற, ஏறக்குறைய முழுமையான மிகப் பழைய எலும்பு மீன் அங்கிருந்து வெளிவந்தது. 2013இல் வந்தது எண்டெலோக்னாதஸ்.

எண்டெலோக்னாதஸ் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன். வயது ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகள். மேலிருந்து பார்த்தால் அது வழக்கமான பிளாக்கோடெர்ம்தான்: தலையை மூடும் தட்டையான கவசம், அதன் பின்னே தோளையும் முன்னுடலையும் சுற்றிய கவசப் பெட்டி, இரண்டுக்கும் இடையே மூட்டு. பக்கவாட்டில் திருப்பி வாயைப் பார்த்தபோது, ஆய்வாளர்கள் அங்கே இருக்கவே கூடாது என்று நினைத்திருந்த மூன்று எலும்புகளும் இருந்தன: முன்மேல்தாடை எலும்பு, மேல்தாடை எலும்பு, பல்தாங்கி எலும்பு. பல் மட்டும் இல்லை. உடல் ஓர் இனத்தைச் சேர்ந்தது, முகம் நம்முடையது.

இதன் பொருள் எளிதில் சொல்லிவிடக்கூடியது, ஆனால் அதன் விளைவு பெரிது. முகத்தின் எலும்புகளை எலும்பு மீன்கள் புதிதாகப் படைத்துக்கொள்ளவில்லை. கவச முன்னோரிடமிருந்து பெற்றுக்கொண்டன. அப்படியானால் சுறாக்களின் முன்னோருக்கும் அவை இருந்திருக்க வேண்டும். சுறாக்கள் அவற்றை இழந்தன. பழைய வடிவம் என்று நூறாண்டுக் காலம் காட்டப்பட்ட சுறா, உண்மையில் மிகவும் மாறிப்போன வடிவம். ஒரே ஒரு படிவத்தை வைத்து இப்படி முடிவு கட்டலாமா என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்கான விடை அடுத்தடுத்து வந்தது. 2016இல் அதே குவாந்தி அடுக்குகளிலிருந்து வந்த சிலின்யுவின் தாடை எலும்புகள், பிளாக்கோடெர்ம்களின் உட்தகடுகளுக்கும் எண்டெலோக்னாதஸின் எலும்புகளுக்கும் இடைப்பட்ட நிலையில் இருந்தன. 2020இல் மங்கோலியாவின் மின்ஜினியா என்னும், ஏறத்தாழ 41 கோடி ஆண்டுப் பழமையான கவச மீனின் மண்டையோட்டுக்குள் குருத்தெலும்பை மாற்றி வளரும் உள் எலும்பும் காணப்பட்டது. ஆகவே சுறா வழியினர் வெளி எலும்பை மட்டுமல்லாமல் உள் எலும்பையும் இழந்திருக்கக் கூடும்.

2022 செப்டம்பரில் வெளிவந்த ஆய்வுகள் இந்தக் கதையை இன்னும் ஒன்றரைக் கோடி ஆண்டு பின்னுக்குக் கொண்டுபோயின. சோங்சிங் மாநகரப் பகுதியின் சியூஷான் மாவட்டத்தில், 43.6 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் முழு மீன்கள் கிடைத்தன. அவற்றில் சியூஷானோஸ்டியஸ் என்ற பிளாக்கோடெர்ம் மூன்று சென்டிமீட்டர் அளவே இருந்தது. துஜியாஸ்பிஸ் என்ற தாடையற்ற மீன் உடலின் பக்கங்களில் நீண்டோடும் இணைத் துடுப்பு மடிப்புகளைக் காட்டியது. எனக்கு இவற்றுள் முக்கியமாகப் படுவது ஷெனகாந்தஸ்: சுறாக்களின் வழியைச் சேர்ந்த மீன், ஆனால் தோளைச் சுற்றி பிளாக்கோடெர்ம் பாணியில் பெரிய கவசத் தகடுகளை அணிந்திருந்தது. கவசத்தைக் கழற்றுவதற்கு முந்தைய நிலையில் ஒரு சுறாவின் உறவினரைக் கண்ணால் பார்ப்பது என்பது இதுதான்.

இத்தனையும் தென் சீனத்தில் கிடைப்பது ஏன், அதே காலத்துச் சுண்ணாம்புப் பாறை கோலாலம்பூரில் இருந்தும் இங்கே இவை ஏன் தென்படுவதில்லை என்ற கேள்வி மலேசிய வாசகருக்கு எழுவது இயல்பு. சிலூரியன் காலத்தில் தென் சீனம் தனித்த சிறு நிலப்பகுதி. அதன் ஆழமற்ற கடல்கள் மீன்களின் நெடுங்கால உறைவிடமாக இருந்தன. மேற்கு மலேசியாவின் மேற்குப் பாதி, புவியியலாளர்கள் சிபுமாசு என்று அழைக்கும் வேறொரு நிலத்துண்டின் பகுதி. அது அன்று கோண்டுவானா பெருநிலத்தின் விளிம்பில், இன்றைய வடமேற்கு ஆஸ்திரேலியாவை ஒட்டி இருந்தது. பெர்மியன் காலத்தில் பிரிந்து வடக்கே நகர்ந்து, டிரையாசிக் காலத்தில் கிழக்குப் பாதியோடு மோதி இணைந்தது. காராக் நெடுஞ்சாலை வழியாகப் பெந்தோங்கிற்குப் போகிறவர்கள் அந்த இணைப்புக் கோட்டை நோக்கித்தான் செல்கிறார்கள். பெந்தோங்–ரவுப் தையல் என்றே அதற்குப் பெயர்.

மோதலின்போது அடியிலிருந்து பொங்கிய கருங்கல் குழம்பு குளிர்ந்து தித்திவாங்சா மலைத்தொடராக நிற்கிறது. அதன் வெப்பம் கோலாலம்பூரின் சுண்ணாம்புக்கல்லைச் சலவைக்கல்லாகப் படிகமாக்கிவிட்டது. பத்துமலைப் பாறையின் புதிதாக உடைந்த துண்டைக் கையில் எடுத்தால் சர்க்கரைப் பரல்கள் மின்னுவது தெரியும். அந்தப் பரல்கள் வளர்ந்தபோது சிறு ஓடுகளும் செதில்களும் தம் வடிவை இழந்துவிட்டன. ஆனால் பெர்லிஸிலும் லங்காவியிலும் உள்ள செத்துல் சுண்ணாம்புக்கல் ஓர்டோவிசியனிலிருந்து டெவோனியன் தொடக்கம் வரையிலான கடலைப் பதிவு செய்திருப்பது மட்டுமன்றி, பல இடங்களில் இவ்வளவு வெந்துபோகவில்லை; அமிலத்தில் கரைத்து அதிலிருந்து கோனோடோண்ட் எனப்படும் பல் போன்ற நுண்துகள்களை 1960களிலேயே எடுத்திருக்கிறார்கள். தொல்மீன்களின் நுண்செதில்களைத் தேடுவதற்கும் இதே கரைசல்தான் வழி. லங்காவி 2007இலிருந்து யுனெஸ்கோ புவிப்பூங்காவாகக் காக்கப்பட்டுவருவதை நான் பெரும் நல்வாய்ப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் சிமெண்டுக்காக வெட்டப்பட்ட குன்றிலிருந்து எந்த ஆய்வும் எதையும் திரும்பப் பெற முடியாது.

கரைசலில் எஞ்சும் துகள்களின் மதிப்பைக் குய்சோ மாநிலத்தின் கண்டுபிடிப்பு நன்றாகக் காட்டியது. அங்கே 43.9 கோடி ஆண்டுப் பழமையான பாறையை நூற்றுக்கணக்கான கிலோ கணக்கில் கரைத்துச் சலித்தபோது, சில மில்லிமீட்டர் அளவே உள்ள பற்சுருள்கள் கிடைத்தன. சியானோடஸ் என்று பெயரிடப்பட்ட அந்த மீனின் பற்கள், அதுவரை அறியப்பட்ட மிகப் பழைய பற்களைவிட ஏறத்தாழ 1.4 கோடி ஆண்டு மூத்தவை. பழைய பற்கள் உதிராமல், புதியவை அவற்றின் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போகும் இத்தகைய சுருள் தாடையின் ஓரத்தில்தான் இருக்க முடியும். ஆகவே தாடை அந்தக் காலத்துக்கும் முற்பட்டது.

பல் எப்போது, எந்த முன்னோரில் வந்தது என்பது மட்டும் இன்னும் வாதத்துக்குரியதாகவே இருக்கிறது. பிளாக்கோடெர்ம்களுக்குப் பல்லே இல்லை, சுறாவும் எலும்பு மீனும் தனித்தனியே பல்லை உருவாக்கின என்று நெடுங்காலம் கூறப்பட்டது. கோகோவின் காம்பகோபிஸ்கிஸ் தாடையை 2012இல் சிங்க்ரோட்ரானில் பார்த்தபோது பல்கூழ் இருந்த உட்குழியோடு உண்மையான பற்கள் தெரிந்தன. பிராக் நகரைச் சுற்றியுள்ள டெவோனியன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பழைய பிளாக்கோடெர்ம்களை 2020இல் அதேபோல் ஆராய்ந்தபோது, புதிய பற்கள் வாயின் உட்பக்கமாகச் சேர்வது, இன்றைய எலும்பு மீன்களிலும் சுறாக்களிலும் காணும் அதே முறையில் இருந்தது. எண்டெலோக்னாதஸுக்குப் பல் இல்லாததை இனிப் பழமையின் அடையாளமாகக் கொள்வதா, இழப்பாகக் கொள்வதா என்பது இதனால் மாறிவிடுகிறது. பற்கள் முதலில் இருந்து பிறகு சில வழிகளில் மறைந்தன என்ற பக்கமே இப்போது வலுவாக இருக்கிறது. சியானோடஸின் முழு உடல் ஒன்று கிடைத்து, அதன் தோளில் கவசம் இருந்ததா என்று பார்க்க முடியும்போது இந்த வழக்கு மேலும் தெளிவாகும்.